ரேடியோஷாக்கின் பின்சுவர்

ரேடியோஷாக் என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலியை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அங்கே உதிரிபாகங்கள் மலிவாக இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. ஐந்து ரெசிஸ்டர் கொண்ட பொட்டலம் ஏறக்குறைய ஒரு டாலர். அதே பணத்துக்குத் தபால்வழி விற்பனையாளரிடம் ஐம்பது வாங்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனுக்கு நான் முதுகலை படிக்க வந்தபோதே எங்கள் துறை மாணவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். வெண்டைக்காய் வாங்கும்போது பத்து சென்ட்டுக்கு யோசிக்கிற நாங்கள், அந்தக் கடையில் மட்டும் பேசாமல் காசை எடுத்து வைத்தோம். காரணம் எளிது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு 7805 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று போய்விட்டால் ஏழு மணிக்குள் இன்னொன்று கைக்கு வந்துவிடும். கொடுத்த பணத்தில் பாகத்தின் விலை சில சென்ட். மீதியெல்லாம் இன்றைக்கே கிடைக்கிறது என்பதற்கான விலை.

ஆர்லிங்டனுக்கு மேற்கே ஃபோர்ட் வொர்த், கிழக்கே டல்லாஸ். டல்லாஸில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆய்வகத்தில்தான் 1958இல் ஜாக் கில்பி முதல் ஐசியை, அதாவது ஒருங்கிணைந்த சுற்றை, செய்து காட்டினார். ஃபோர்ட் வொர்த்தில் ரேடியோஷாக்கின் தலைமையகம். நகர நடுவில் டாண்டி சென்டர் என்ற இரட்டைக் கோபுரம், அதன் அடியில் கடைகள், ஒரு பனிச்சறுக்குத் தளம். ஆற்றங்கரை வாகன நிறுத்தத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் நேராகக் கொண்டுவிடும் சிறிய சுரங்க ரயிலும் இருந்தது. தனியார் நடத்திய ரயில், டிக்கெட் கிடையாது. வேலை எதுவும் இல்லாத ஞாயிறுகளில் அதில் சும்மா ஏறிப் போய்வருவோம். ரெசிஸ்டர் விற்கிற கம்பெனிக்குச் சொந்த ரயில் இருக்கிறது என்று ஊருக்குக் கடிதம் எழுதியபோது அப்பா நம்பவில்லை.

ஆனால் அந்த ரயிலை ரெசிஸ்டர் ஓட்டவில்லை. 1921இல் பாஸ்டன் நகரில் டாய்ச்மன் சகோதரர்கள் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களையும் கப்பல் வானொலி ஊழியர்களையும் நம்பித் தொடங்கிய கடை அது. அறுபதுகளின் தொடக்கத்தில் கடன்பட்டுக் கிடந்ததை, ஃபோர்ட் வொர்த்தில் தோல் பொருள் வியாபாரம் செய்த சார்லஸ் டாண்டி வாங்கினார். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சரக்குப் பட்டியலை ஈவிரக்கமில்லாமல் வெட்டியது. நன்றாக விற்பதை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய கடைகள் சிலவற்றுக்குப் பதில் சின்னக் கடைகளை ஊர் ஊராகத் திறந்தார். மற்றவர்களின் பிராண்டுகளை எடுத்துவிட்டுத் தம் பெயர்களை ஒட்டினார். எழுபதுகளில் லாரி ஓட்டுநர்களில் தொடங்கி ஊரே சி.பி. என்ற இருவழிப் பேச்சு ரேடியோ வாங்கியபோது கடைகள் கொழித்தன. 1977 ஆகஸ்டில் வந்த டிஆர்எஸ்-80 கணினி, திரையோடு சேர்த்து 599.95 டாலர், இசட்80 செயலி, 4 கிலோபைட் நினைவகம். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதில்தான் முதல் நிரலை எழுதியது. ஆகவே, அந்தக் காலத்தில் அங்கே எல்லாம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. எல்லாம் கிடைக்கிற கடையை மூடிவிட்டுத்தான் அந்தச் சங்கிலியே வளர்ந்தது.

கிடைத்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அவர்கள் அடுக்கியிருந்த முறையில்தான் நான் பாடம் படித்தேன். கடையின் பின்சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் அட்டையில் ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் பொதி. அட்டையைத் திருப்பினால் அந்தப் பாகத்தின் கால்கள் எவை எவை, எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை மில்லி ஆம்பியர் தாங்கும் என்று படத்தோடு இருக்கும். நான் வந்தது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலிருந்து. அங்கே சரக்கு கவுன்டருக்குப் பின்னால் இருக்கும். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அது கைக்கு வரும், தடுமாறினால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்த்துவிடுவார். இங்கே ஒன்றும் தெரியாதவன் ஒரு மணி நேரம் நின்று அட்டைகளைப் படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பலாம். பக்கத்திலேயே ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற எழுத்தாளர் தம் கையெழுத்திலேயே வரைந்து எழுதிய மெல்லிய சுற்றுக் குறிப்பேடுகள் தொங்கும். அச்செழுத்து ஒன்றுகூட இல்லாத அந்தப் பக்கங்கள், வகுப்பில் இரண்டு பருவம் புரியாத டிரான்சிஸ்டரை ஒரு மாலையில் புரியவைத்தன.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை அந்த அட்டையிலிருந்து வந்ததுதான். பாகம் வாங்கியதும், தயாரிப்பாளர் வெளியிடும் அதன் தரவுத்தாளில் கால்கள் காட்டப்பட்டிருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து அதே பையில் போட்டுவிடுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். பிஎன்2222ஏ என்ற டிரான்சிஸ்டரும் பி2என்2222ஏ என்ற டிரான்சிஸ்டரும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும், வேலையும் ஒன்றுதான். ஆனால் எமிட்டர், கலெக்டர் என்ற இரண்டு கால்கள் இடம் மாறியிருக்கும். ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஒரு இரவுத் தூக்கம் போய்விடும்.

மிக்ஸி விஷயம் தனி. அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோருடைய பெட்டியிலும் ஒரு மிக்ஸி இருக்கும், 230 வோல்ட் மிக்ஸி. இங்கே சுவரில் வருவது 120 வோல்ட். அறைத்தோழனும் நானும் எங்கள் பேட்டையிலிருந்த கடைக்குப் போய், கொக்கியில் தொங்கிய, உள்ளங்கையில் அடங்கும் 1600 வாட் பயண வோல்டேஜ் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தோம். அங்கே இருந்தவர் தொலைபேசிக் கம்பெனியில் ஓய்வு பெற்ற முதியவர், ஹாம் உரிமம் உள்ளவர். இதில் எதைச் செருகப் போகிறீர்கள் என்று கேட்டார். சட்னி அரைக்கும் இயந்திரம் என்று விளக்கினோம். மோட்டார் உண்டா என்றார். உண்டு என்றதும் பெட்டியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கால் மணி நேரம் அவர் சொன்னதை இன்றும் இங்கே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பெட்டி, வெளிநாடு போகும் அமெரிக்கர்களுக்கானது. 240ஐக் குறைக்குமே தவிர 120ஐ உயர்த்தாது, திருப்பிப் போட்டும் பயனில்லை. அதற்குள் இரும்போ செம்புச் சுருளோ கிடையாது. மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும் ஒரு குறைக்கடத்திச் சுவிட்சுதான். இஸ்திரிப்பெட்டிக்கும் தலைமுடி உலர்த்திக்கும் அது போதும், மோட்டாருக்கு ஆகாது. மிக்ஸிக்கு வேண்டியது சுருள் சுற்றிய உண்மையான ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் அதிகம் என்பதால் 500 வாட் மிக்ஸிக்கு 1000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் பாருங்கள் என்றார். தூக்கிப் பார்த்தால் கை இறங்க வேண்டும்; ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தும் லேசாக இருந்தால் எழுதியதை நம்பாதீர்கள் என்றார். அவருடைய கடையில் அது இல்லை. ஒரு ரசீதின் பின்பக்கம் விவரத்தை எழுதிக் கொடுத்து, வேறு இடத்தில் தேடச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று அவர் எங்களுக்கு விற்றது ஒரு ஃபியூஸ் பொட்டலம் மட்டும்.

பின்னாளில் நானாகச் சேர்த்துக்கொண்டது: மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், ஆகவே இங்கே 60 ஹெர்ட்ஸ் என்பது அதற்குப் பொருட்டல்ல. வெட் கிரைண்டரில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 60இல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், மாவும் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. இப்போது 110 வோல்ட் மாடல்களே இந்திய பிராண்டுகளில் வந்துவிட்டன. அதை வாங்கிவிடுவதுதான் நல்லது.

அந்தக் கடைகளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு பேட்டரி வாங்கினாலும் பெயர், முகவரி கேட்பார்கள். தமிழ்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள். அதன் பலனாகக் கனமான அட்டவணைப் புத்தகம் தபாலில் வரும், மாதம் ஒரு பேட்டரி இலவசம் என்ற அட்டையும் ஒரு காலத்தில் உண்டு. 2002இல் அந்தப் பழக்கத்தைக் கம்பெனி கைவிட்டது. ஆனால் சேர்த்த பட்டியல் எங்கும் போய்விடவில்லை. 2015இல் திவால் நடவடிக்கை வந்தபோது ஏலத்துக்கு வைத்த சொத்துகளில் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் விவரமும் ஒன்று. பட்டியலை விற்கமாட்டோம் என்று முன்பு வாக்களித்திருந்தார்களே என்று டெக்சாஸ் அரசு எதிர்த்தது. வேறு மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஒரு பகுதியை மட்டுமே கொடுக்க முடிந்தது. அதிலிருந்து எந்தக் கடையில் தொலைபேசி எண் கேட்டாலும் நான் பணிவாக மறுத்துவிடுகிறேன். கொடுக்கிற வாக்கு கம்பெனியுடையது. திவாலானால் பட்டியல் கடன் கொடுத்தவர்களுடையது. பரிசு அட்டைகளுக்கும் இதே கதைதான். ஒரு கடைச் சங்கிலி தள்ளாடுகிறது என்று செய்தித்தாளில் படித்தால் அந்த வாரமே அட்டையைச் செலவழித்துவிடுங்கள். திவால் வழக்கு என்று வந்துவிட்டால் நீங்களும் பாக்கிக்காக வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவர்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1992இல் டாண்டி கம்பெனி இன்க்ரெடிபிள் யூனிவர்ஸ் என்ற பெயரில் பிரம்மாண்டக் கடைகளைத் தொடங்கியது. எங்கள் ஆர்லிங்டனிலும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்று இருந்தது. நான்கைந்து வருடத்தில் கை சுட்டுக்கொண்டு விற்றார்கள். ஆர்லிங்டன் கட்டடத்தை ஃப்ரைஸ் என்ற இன்னொரு எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஃப்ரைஸும் மொத்தமாக மூடியது. சொந்தக் கணினித் தொழிலை 1993இலேயே விற்றாயிற்று. பிறகு கைப்பேசி வந்தது. ஒரு கைப்பேசி இணைப்பை விற்றால் வரும் கமிஷனுக்கு ஈடாக எத்தனை பொட்டலம் ரெசிஸ்டர் விற்க வேண்டும் என்று எந்தக் கணக்காளரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கணக்கு சரிதான். ஆனால் கைப்பேசி எங்கும் கிடைக்கும். பின்சுவர் அங்கே மட்டும்தான் இருந்தது. கொக்கிகள் போய் இரும்பு இழுப்பறைகள் வந்தன. அந்த இழுப்பறைகளும் ஒரு மூலைக்கு ஒதுங்கின.

2006இல் தலைமை நிர்வாகி தன் படிப்பைப் பற்றிப் பொய் சொன்னது தெரிந்து பதவி விலகினார். அதே ஆண்டு தலைமையகத்தில் 400 பேருக்கு மின்னஞ்சலில் வேலை நீக்கம் சொன்னார்கள். 2011 வாக்கில் பொழுதுபோக்காகச் சுற்று செய்கிறவர்களைத் திரும்ப அழைத்து ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகைகளை வைத்தார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். 2014இல் 1,100 கடைகள் வரை மூடப்போவதாக அறிவித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் சம்மதிக்காததால் அதைக்கூடச் செய்ய முடியவில்லை. மூடவும் முடியாமல் நடத்தவும் முடியாமல் நின்ற அந்த ஒரு வருடம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பரிதாபமாகப் படுவது. 2015 பிப்ரவரி 5 அன்று திவால் மனு. மிச்சக் கடைகளை வாங்கியவர்கள் 2017இல் மறுபடி திவால். அதன் பிறகு அந்தப் பெயரைக் கிரிப்டோ நாணயத்துக்குக்கூடப் பயன்படுத்தினார்கள். 2023இல் யூனிகோமர் என்ற மத்திய அமெரிக்கக் குழுமம் வாங்கியது. மெக்ஸிகோவில் வேறு உடைமையின் கீழ் அதே பெயரில் கடைகள் நடக்கின்றன. ஆற்றங்கரையில் கட்டிய புதிய தலைமையகம் இப்போது ஒரு கல்லூரி வளாகம். ரயில் 2002லேயே நின்றுவிட்டது.

மூடும் விற்பனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் வாரத் தள்ளுபடியில் விலை ஒன்றும் பெரிதாகக் குறைந்திருக்காது. கடைசி நாட்களில் சரக்கு இருக்காது, ஆனால் அலமாரி, கொக்கி போன்ற கடைச் சாமான்கள் இருக்கும். நான் வாங்கியது இழுப்பறை அலமாரி ஒன்று, உள்ளே இருந்த கலப்படமான மிச்சங்களோடு. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பாக வியாபாரம் செத்துவிட்டது என்றும் பலர் சொல்கிறார்கள். ஆர்லிங்டனுக்குத் தெற்கே மான்ஸ்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போனால் அது எவ்வளவு தவறு என்று தெரியும். மவுசர் எலக்ட்ரானிக்ஸின் தலைமையகமும் பிரம்மாண்டமான கிடங்கும் அங்கேதான். 1964இல் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர், மாணவர்களுக்குப் பாகம் கிடைக்கவில்லை என்று தொடங்கிய நிறுவனம் அது. மின்னெசோட்டாவின் டிஜிகீ என்ற பாக விற்பனை நிறுவனமும் ஒரு ஹாம் ஆர்வலர் விற்ற மோர்ஸ் சாதனத் தொகுப்பிலிருந்து முளைத்ததுதான். வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, மவுசர் விஷயத்தில் ரேடியோஷாக் இருந்த அதே மாவட்டத்திலேயே. பாகத்தோடு பேச்சையும் சேர்த்து விற்ற கடைதான் இல்லாமல் போனது.

பேச்சில்லாத குறை எங்கே தெரிகிறது என்றால், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ரேடியோஷாக்கில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை வாங்கினால் வேலை நடக்கும். தேர்வு குறைவாக இருந்தது கற்றுக்கொள்கிறவனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது புரியவில்லை. ஆகவே, தேடும்போது முதலில், பலகைத் துளையில் கால் நுழைக்கும் 'த்ரூ-ஹோல்' வகையைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரிசியைவிடச் சின்னதாக ஒன்று வந்து சேரும். அடுத்து, இருப்பில் உள்ளவை மட்டும். பிறகு குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றா, ஐயாயிரமா என்று பாருங்கள். மிஞ்சுவதில் விலைவரிசைப்படி முதல் பத்துக்குள் பெயர் தெரிந்த தயாரிப்பாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அந்த எண்ணை எழுதிவைத்து, அடுத்த பத்து வருடம் அதையே வாங்குங்கள்.

என் அலமாரியில் நிரந்தரமாக இருப்பது இவ்வளவுதான். கால் வாட், ஒரு சதவீத ரெசிஸ்டர்கள்: 100, 220, 330, 470 ஓம், பிறகு 1கே, 2.2கே, 4.7கே, 10கே, 47கே, 100கே, ஒவ்வொன்றிலும் நூறு. இடைப்பட்ட மதிப்பு வேண்டுமென்றால் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறேன். 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் தாராளமாக. எலக்ட்ரோலிடிக்கில் 10, 100, 1000 மட்டும், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம். இவை வருடக்கணக்கில் கிடந்தால் கெடும் என்பதால் நூறாக வாங்குவதில்லை. வோல்டேஜ் மதிப்பு தேவையைவிடக் கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறைவாக இருக்கக் கூடாது. 1என்4007, 1என்4148 டையோடுகள், 2என்3904, 2என்3906 டிரான்சிஸ்டர்கள், 7805, எல்எம்317 ரெகுலேட்டர்கள், எல்எம்358, 555 ஐசிகள். ஐந்து வோல்ட்டில் மோட்டாரை இயக்க மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை வாங்கினால் ஐஆர்எல் என்று தொடங்கும் லாஜிக் லெவல் ரகமாகப் பாருங்கள். ஐஆர்எஃப் ரகம் ஐந்து வோல்ட்டில் முழுதாகத் திறக்காமல் சூடாகும். சால்டர் 60/40 ரோசின் மையமுள்ளது. குழாய் வேலைக்காரர்களின் அமில ஃப்ளக்ஸை மின்சுற்றுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நம்பமுடியாத விலையில் பவர் டிரான்சிஸ்டர் விற்கும் இணையச் சந்தைகளை நான் தொடுவதில்லை. ஒரு முறை வந்தவற்றில், மேலே அச்சிட்ட எண்ணை நகத்தால் சுரண்டினால் கீழே வேறு எண் இருந்தது.

ரேடியோஷாக்கின் சொந்த பிராண்டான ரியலிஸ்டிக் பெயரில் பழைய சாதனம் ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பழுதுபார்ப்புக் கையேடு தேடும்போது பெட்டியின் மேல் இருக்கும் பெயரோடு நிறுத்த வேண்டாம். கம்பெனி பலவற்றை வெளியே செய்து வாங்கித் தன் பெயரை ஒட்டியது. டிஎக்ஸ்-440 என்ற சிற்றலை வானொலி உண்மையில் தைவானின் சாங்கியன் செய்த ஏடிஎஸ்-803ஏ. அந்தப் பெயரில் தேடினால் சுற்றுப்படம், உதிரி எல்லாம் கிடைக்கும்.

அந்தக் கவுன்டர் முதியவரைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹாம் சங்கங்கள் நடத்தும் பழம்பொருள் சந்தைகளில் பார்க்கலாம். பெரியது ஓஹியோவின் டேட்டன் பக்கம் மே மாதம் நடப்பது. சின்னவை அநேகமாக எல்லா மாவட்டங்களிலும் உண்டு. உரிமம் தேவையில்லை, யாரும் போகலாம். சில்லறையாக டாலர் நோட்டுகளும் ஒரு மல்டிமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுவதற்கு முன், அது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள்; விற்பவர் பத்து நிமிடம் சொல்வார், விலையும் தானாக இறங்கும். விடிகாலையிலேயே கைவிளக்கோடு போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மிஞ்சியிருப்பவை பழைய பிரிண்டர்கள்தான்.